விசிட்டிங் கார்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டு வயரிங், இன்வெர்ட்டர் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். செய்யும் 14 வேலைகளையும் 3 போன் நம்பர்களையும் கார்டில் போடச் சொன்னேன். டிசைன் வந்தது, ஒரே நெரிசல். கொஞ்சம் பெரிய சைஸில் அடித்துவிடலாமா?

பதில்: சைஸில் மட்டும் கை வைக்காதீர்கள். நாட்டுக்கு நாடு அளவு மாறும்தான், 85க்கு 55 மில்லிமீட்டர் ஓரிடத்தில், 3.5க்கு 2 அங்குலம் வேறிடத்தில், ஜப்பானில் 91க்கு 55. ஆனால் எல்லாமே ஏறக்குறைய ஏடிஎம் கார்டு அளவைச் சுற்றித்தான் வருகின்றன, பர்ஸும் அதற்கென்றே தைத்து வைத்திருக்கிறது. அதற்குள் நுழையாத கார்டு மேஜையிலேயே கிடந்து குப்பைக்குப் போகும்.

உங்கள் கார்டை ஒருவர் வாங்கியதுமே படிப்பார் என்று நினைக்கிறீர்களா? வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் பாதி விளக்கு எரியாதபோதுதான் இழுப்பறையைத் துழாவி, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் அதைத் தேடி எடுப்பார். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம், இது யாருடைய கார்டு, எந்த நம்பரில் கூப்பிடுவது. பெயருக்குக் கீழேயே ‘வீட்டு வயரிங், இன்வெர்ட்டர்’ என்று ஒரு வரி, நீங்கள் நிச்சயம் எடுக்கும் ஒரே ஒரு நம்பர், அதுவும் 98765 43210 என்பதுபோல நடுவில் இடைவெளி விட்டு. மற்ற 12 வேலைகளைப் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

என்னுடைய முதல் கார்டில் அழகான வாசகம் ஒன்று இருந்தது, என்ன தொழில் என்பது மட்டும் இல்லை. ஒருவர் போன் செய்து, “உங்க கார்டு கையில இருக்கு சார், நீங்க என்ன பண்றீங்கன்னுதான் தெரியல” என்றார். மிச்சமிருந்த கட்டைக் குறிப்பெழுதியே தீர்த்தேன்.

கேள்வி: கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் மங்கிவிட்டது. ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது, தமிழ் எழுத்துகள் அப்பியிருக்கின்றன. யார் மேல் தப்பு?

பதில்: பாதி அச்சகத்தார், பாதி டிசைன் செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சோ நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. திரையில் தெரியும் சில நீலங்களும் பச்சைகளும் அந்த நான்கு மையில் வரவே வராது, அதனால் தொடக்கத்திலேயே ஃபைலை சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு மை முறையில் வைத்து வேலை பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடு வெட்டும்போது வருவது. கட்டிங் மெஷின் ஒரு மயிரிழை விலகினாலும் அடித்தாளின் வெள்ளை எட்டிப் பார்க்கும், அதற்காகத்தான் பின்னணி நிறத்தைக் கார்டின் அளவைத் தாண்டி நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டி விடுவது வழக்கம். எழுத்துகளையும் அதேபோல ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள்.

எழுத்து அப்புவதுதான் நமக்கே உரிய தலைவலி. ஆங்கிலத்துக்கு 7 பாயின்ட் எழுத்தளவு போதும் என்றால் அதே 7 பாயின்ட்டில் ‘ணை’யும் ‘ஞ’வும் சுழிக்குள் மை நிரம்பி ஒரு புள்ளியாக நிற்கும். தமிழுக்கு ஒன்றிரண்டு பாயின்ட் கூட்டியே வையுங்கள். சின்ன எழுத்தைத் தனிக் கறுப்பு மையில் மட்டும் அடிக்க வேண்டும், நான்கு மையையும் ஒன்றன் மேல் ஒன்று போட்டால் துளி விலகினாலும் விளிம்பில் நிழல் விழும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் தடித்த எழுத்தாகப் பாருங்கள், மெல்லிய கோடுகளை மை தின்றுவிடும். அப்புறம், உங்களிடம் இருக்கும் எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். ஃபைல் தரும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துருவே தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி: எந்தக் காகிதம்? பளபளக்கும் கிளாஸா, பளபளப்பில்லாத மேட்டா?

பதில்: 300 முதல் 350 ஜிஎஸ்எம் வரை கையில் நன்றாக நிற்கும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு, தடிமன் இல்லை. வழவழப்பான ஆர்ட் பேப்பரைவிட அதே ஜிஎஸ்எம் உள்ள பூச்சில்லாத அட்டை பொதுவாகத் தடிமனாகத் தெரியும், எனவே எண்ணைக் கேட்டு முடிவு செய்யாமல் மாதிரியை வாங்கி விரலால் வளைத்துப் பாருங்கள். கிளாஸ் லேமினேஷனில் பால்பாயின்ட் பேனா வழுக்கும். ‘செவ்வாய் காலை வருகிறேன்’ என்று பின்னால் எழுதித் தர முடியாத கார்டு எனக்குப் பாதிக் கார்டுதான், ஒரு பக்கத்தையாவது லேமினேஷன் இல்லாமல் விடுங்கள். தங்க ஃபாயில் லோகோவோடு நின்றால் சரி, முகவரியையும் ஃபாயிலில் அடித்தால் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பெயரும் க்யூஆர் கோடும் மட்டும் போதாதா?

பதில்: போதாது, நம்பரும் இருக்கட்டும். ஜப்பானின் டென்சோ வேவ் 1994இல் கொண்டுவந்த இந்தக் கட்டம் அதிகபட்சம் 30 சதவீதம்வரை சேதமானாலும் படிக்கும் என்பது உண்மைதான், ஆனால் எதிராளியின் போனில் சார்ஜ் இல்லையென்றால்? 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு, கறுப்பிலேயே அடியுங்கள். சில இணையச் சேவைகள் தரும் க்யூஆர் கோடு அவர்கள் தளத்தின் வழியாகச் சுற்றிப் போகும், சந்தா நின்ற நாளில் கோடும் செத்துவிடும். அதைவிட உங்கள் பெயர், நம்பர் விவரங்களையே நேரடியாகக் கோடுக்குள் வைத்துவிடுங்கள்.

கேள்வி: முதல் முறை எத்தனை அடிக்கலாம்?

பதில்: நூறு, டிஜிட்டலில். அச்சுத் தகடு (பிளேட்) செய்து அடிக்கும் ஆஃப்செட்டில் ஆயிரம் அடித்தால் ஒரு கார்டின் விலை குறையும்தான், ஆனால் பிளேட் போட்டு அத்தனையும் அடித்த பிறகு இமெயிலில் ஒரு எழுத்து விட்டுப்போயிருப்பது தெரிந்தால் அந்த ஆயிரத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடிக்கக் கொடுக்கும் முன் ப்ரூஃபில் (சரிபார்க்கத் தரும் மாதிரியில்) இருக்கும் நம்பரைப் பார்த்து உங்கள் போனுக்கு நீங்களே ஒருமுறை டயல் செய்துவிடுங்கள்.