கட்டணம் கட்டாவிட்டால் கட்டுரை நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது, பணம் கட்டவும் வேண்டாம். தெற்காசியவியல் ஆய்விதழ் ஒன்று உங்கள் கட்டுரையை ஏற்றபின் வெளியீட்டுக் கட்டணம் கேட்டதாகச் சொல்கிறீர்கள். அது கலப்பு இதழாக இருக்கும்: சந்தாவில் ஓடும், பணம் கட்டியவர்களின் கட்டுரையை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடும். சந்தா வழியைத் தேர்ந்தால் கட்டணமில்லை.

ஆனாலும் உங்கள் கட்டுரை பூட்டிக் கிடக்கத் தேவையில்லை. இதழ்களின் திறந்த வெளியீட்டு விதிகளைத் தொகுத்துத் தரும் இணையதளமான, பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பாலிசி ஃபைண்டரில் (பழைய ஷெர்பா ரோமியோ) இதழின் பெயரைத் தேடி, ஏற்கப்பட்ட பிரதிக்கான விதியைப் பாருங்கள். மதிப்பாய்வுத் திருத்தம் முடிந்து, பக்கம் வடிவமைக்கும் முன் உங்களிடம் இருக்கிற வேர்ட் கோப்புதான் அது. அதைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில், எல்லோரும் படிக்கும்படி வைக்கப் பல பதிப்பகங்கள் விடுகின்றன. நம் துறை இதழ்களில் 12 அல்லது 18 மாதம் காத்திருக்கச் சொல்வதுண்டு. இதழில் வந்த பிடிஎஃப்பை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

இதழ் முழுக்கவே திறந்த அணுக்கம், அதாவது எல்லாக் கட்டுரையையும் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்றால் கதை வேறு. கையெழுத்திடும் முன்பே ஆசிரியர் குழுவிடம் கட்டண விலக்கு கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். உதவித்தொகை வாங்கியிருந்தால் அதன் நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

அடுத்த கட்டுரைக்கு 2007 முதல் வரும் சமாஜ் (SAMAJ) என்ற தெற்காசியவியல் இணைய இதழைப் பாருங்கள். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் கட்டணமில்லை. இப்படிப்பட்ட இதழ்களுக்குத்தான் நம் நல்ல கட்டுரைகள் போக வேண்டும்.

அப்புறம், ஆவணக்காப்பகப் படங்கள், பழைய வரைபடங்கள் சேர்த்திருந்தால், வாங்கிய அனுமதி களஞ்சியத்துக்கும் செல்லுமா என்று பாருங்கள். செல்லாவிட்டால் படங்களை எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.