மச்சாவதாரமும் மீன் கடையும்

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். கடையில் தசாவதாரக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன். போன வாரம் ஒருவர் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிவிட்டு, "முதல் அவதாரமே மீன்தான். அதை வெட்டிக்கிட்டே கும்பிடுறியே" என்றார். அதிலிருந்து மனசு உறுத்துகிறது. காலண்டரைக் கழற்றிவிடட்டுமா?
பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: கழற்ற வேண்டாம், அம்மா. அவர் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு போனாரா இல்லையா, அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

அவதாரம் என்றால் இறங்கி வருதல். மச்சாவதாரத்தில் எவ்வளவு தூரம் இறங்குகிறார் பாருங்கள். இந்தக் கதையின் பழைய வடிவம் சதபத பிராமணம் என்ற வேத நூலில் இருக்கிறது. மனித குலத்தின் முதல்வரான மனு காலையில் கை கழுவுகிறார். உள்ளங்கைத் தண்ணீரில் ஒரு மீன் குஞ்சு. "என்னைக் காப்பாற்று, பிறகு உன்னை நான் காப்பாற்றுகிறேன்" என்கிறது. அது சொல்லும் காரணம்தான் எனக்குப் பிடித்த இடம்: சின்னதாக இருக்கிற வரைக்கும் எங்களுக்கு ஆபத்து, மீனை மீனே தின்றுவிடும். மனு அதைக் குடத்தில் விடுகிறார், பிறகு குழியில், கடைசியில் கடலில். வெள்ளம் வந்ததும் அவருடைய படகை அதே மீன் இழுத்துப் போகிறது. அங்கே அந்த மீன் திருமால் என்று சொல்லப்படவில்லை. மகாபாரதத்தில் அது பிரம்மா. திருமாலாக ஆனது புராணங்களில்தான்.

மீனை மீன் தின்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஆயா, வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அருவாமனையில் மீன் நறுக்குவார். ஒரு நாள் பெரிய மீனின் வயிற்றைக் கீறியதும் உள்ளே முழுசாக நாலு நெத்திலி, கண்கூடக் கலையாமல். "சாப்பிட வந்துச்சு, சாப்பாடா ஆயிடுச்சு பாத்தியா" என்று சிரித்தார். அதே ஆயா, புரட்டாசி பிறந்தால் மீன் அருவாமனையைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவார். சொம்புக்கு நாமம் போட்டு, "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கி வர எங்களைத் தெருவுக்கு அனுப்புவார். ஐப்பசி முதல் ஞாயிறு, விடிவதற்குள் காசிமேட்டில் ஏலம் கேட்டுக்கொண்டு நிற்பார். அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

மீனாக வந்த சாமிக்குக் கோபம் வருமென்றால், நீங்கள் விற்பதைப் பார்த்து வராது. பொடிமீனையும் வாரிவிடும் நெருக்கு வலையைப் பார்த்து வரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்பது, மீன் இனம் பெருகட்டும் என்றுதானே? அந்த 61 நாளும் மனு செய்த வேலையை நம் ஆட்கள் கரையில் சும்மா இருந்தே செய்கிறார்கள் என்பேன். வயிற்றுப்பாடு வேறு விஷயம், அது உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் கடைக்கு லீவு விட்டு நாகலாபுரம் போய் வாருங்கள். செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் ஆந்திர எல்லை தாண்டியதும் வந்துவிடும். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் பெயரில் அமைத்த ஊர். அங்கே வேதநாராயணப் பெருமாளுக்கு இடுப்புக்குக் கீழே மீன் உருவம். காலண்டரில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றில்லை.

கேள்வி: எங்கள் காலண்டரில் எட்டாவது பலராமர், ஒன்பதாவது கண்ணன். கீழ்வீட்டு ராஜஸ்தான்காரர் காலண்டரில் எட்டாவது கண்ணன், ஒன்பதாவது புத்தர். எது சரி?
ஒரு வாசகர், சௌகார்பேட்டை

பதில்: இரண்டும் வழக்கில் உள்ளவைதான். நம் பக்கத்து வைணவர்கள் பலராமரைச் சேர்ப்பார்கள். வடக்கே பல இடங்களில் புத்தர். பாகவதத்தின் முதல் ஸ்கந்தமோ 22 அவதாரங்களைச் சொல்லி, இருவரையும் சேர்த்துக்கொள்கிறது. அதோடு, வற்றாத ஏரியிலிருந்து கிளம்பும் வாய்க்கால்கள் மாதிரி அவதாரங்களுக்குக் கணக்கே இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. காலண்டர் அச்சடிப்பவருக்குப் பத்துக் கட்டம்தான் இருக்கிறது, அவர் என்ன செய்வார்? பத்தாவது கல்கி என்பதில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சண்டை இல்லையே, அப்புறம் என்ன!