அத்தியாயம் முடியும் இடத்தில் மூடாதே

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் மாமா வீட்டிலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் எடுத்து வந்தேன். கெமிஸ்ட்ரி கைடுக்குள் வைத்துப் படிக்கிறேன். ‘இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்’ என்று இரவு 2 மணி ஆகிவிடுகிறது. இரண்டு பாகம் முடிந்துவிட்டது. கெமிஸ்ட்ரியில் 41 மார்க்தான் வந்தது. அம்மா புத்தகங்களைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். நானே விட்டுவிடலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: அன்பு மகளே, திருப்பி அனுப்ப வேண்டாம். புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தக் கதை உன்னை விடாமல் இழுப்பதற்கு உன் மனக்கட்டுப்பாட்டைக் குறை சொல்லாதே. 1950-லிருந்து 1954 வரை, சுமார் மூன்றரை வருடம், ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த கதை இது. ஒரு இதழைப் படித்தவர் அடுத்த வாரமும் தேடி வந்து வாங்க வேண்டுமே! அதனால் கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தையும் கதவு பாதி திறந்த நிலையில் நிறுத்துவார். ஒரு குரல் கேட்கும், ஒரு நிழல் அசையும், அவ்வளவுதான். அன்றைக்குப் படித்தவர்களுக்கு அதற்குமேல் பக்கம் கிடையாது, ஒரு வாரம் காத்திருந்தார்கள். உனக்குப் பக்கத்தைத் திருப்பினால் போதும். ஒரு வாரத்தைத் தாங்குவதற்காகப் போட்ட முடிச்சு ஒரு நொடியில் அவிழ்கிறது, உடனே அடுத்த முடிச்சு விழுகிறது. யாரால் நிறுத்த முடியும்?

என் பெரியம்மா வீட்டில், வாரா வாரம் பக்கங்களைக் கிழித்து நூல் போட்டுத் தைத்த பைண்டிங் ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, திருப்பினாலே பொடியாக உதிரும். பத்தாவது படிக்கும்போது, மறுநாள் கணக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு, அதைப் பரணுக்குக் கீழே உட்கார்ந்து ராத்திரி வெகுநேரம் படித்தேன். ஒரு இடத்தில் நான்கைந்து பக்கங்கள் இல்லை. அந்த வாரத்து இதழ் யாரிடமோ போய்த் திரும்பவில்லையாம். வேறு வழியில்லாமல் மூடி வைத்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் கிடைத்தது அந்தத் தொலைந்த பக்கங்களால்தான்.

அதிலிருந்து பழகிய ஒரு வழியை உனக்குச் சொல்கிறேன். அத்தியாயம் முடிகிற இடத்தில் புத்தகத்தை மூடாதே. அங்கேதான் தூண்டில் இருக்கிறது. நடுவில் மூடு. கல்கி கதையை நிறுத்திவிட்டு நேயர்களிடம் சோழர் சரித்திரம் சொல்லுவார் பார், ஆறு, வயல், கோயில் என்று வர்ணித்துக்கொண்டு போவார் பார், அந்த இடத்தில் அடையாளம் வை. மனசு அங்கே கொஞ்சம் இளைப்பாறும், எழுந்திருக்கலாம்.

அப்புறம், நேரம். படுக்கையில் வேண்டவே வேண்டாம். பாடத்தை ஒரு சுற்று முடித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி. அம்மா தட்டு வைத்துக் கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு கெமிஸ்ட்ரிக்குப் போ. கைடுக்குள் ஒளித்துப் படிப்பதை இன்றோடு விட்டுவிடு, மகளே. அதில் கதையையும் பயந்து பயந்து படிக்கிறாய், கெமிஸ்ட்ரியைத் தொடும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியும் வருகிறது. அம்மாவிடம் இந்தப் பதிலையே காட்டு.

மூன்றாம் பாகத்தில் 46 அத்தியாயங்கள். நாளுக்கு இரண்டு அத்தியாய அளவு என்றால் 23 நாள், ஜனவரிக்குள் முடிந்துவிடும். நான்காம், ஐந்தாம் பாகங்களை இப்போதே அம்மாவின் பீரோவில் வைக்கச் சொல். கடைசிப் பாகம் மட்டும் 91 அத்தியாயம், பிராக்டிகலுக்கும் பொதுத்தேர்வுக்கும் இடையில் அதைத் தொட்டால் நிச்சயம் மூழ்கிவிடுவாய். மூன்றாம் பாகம் முடிகிற அன்று கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் 23 நாள் நடுவில் நிறுத்திப் பழகியிருப்பாய்.

தேர்வு முடிந்த மறுநாளே பீரோவைத் திறந்துகொள். ஐந்தாம் பாகத்தை முடித்ததும் எனக்கு மறுபடி எழுது. நந்தினியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.