ஒரு தூணுக்காக நாலு சர்ச்: சிரியாவோட கலாத் செமான்

கலாத் செமான் இடிபாடுகளோட நடுவுல ஒரு கல்லு மட்டும் இருக்கே, அதைச் சுத்தி ஏன் இவ்ளோ பெரிய சர்ச்னு கேட்டிருந்தீங்க. அந்தக் கல்லு ஒரு தூணோட மிச்சம், அந்தத் தூணுதாங்க எல்லாத்துக்கும் காரணம்.

அலெப்போவுக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர்ல இருக்கு இந்த இடம். சிமியோன்னு ஒரு துறவி, பார்க்க வர்ற கூட்டம் தாங்காம தூண் மேல ஏறி நின்னுட்டாரு, தூணை உயர்த்திக்கிட்டே போய் கடைசில 15 மீட்டருக்கும் மேல, வெயில் மழை எல்லாத்துலயும் 36 வருஷத்துக்கு மேல அங்கயே, 459ல உயிர் போனதும் அங்கதான். உடலை அந்தியோக்கியா நகரத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஆனா ஜனங்க தூணைத் தேடி வர்றது நிக்கல.

அதனால பைசாந்திய (கிழக்கு ரோமானிய) சக்கரவர்த்தி ஸீனோ காலத்துல, கிட்டத்தட்ட 476லேர்ந்து 490க்குள்ள, தூணை நடுவுல வச்சு எட்டுப்பட்டையா ஒரு மண்டபம், அதுலேர்ந்து நாலு திசைக்கும் நாலு பசிலிக்கா, அதாவது நீளமான சர்ச் கூடம், சிலுவை வடிவத்துல கட்டினாங்க. வழிபாடு நடந்தது கிழக்குப் பக்கத்துல, அங்கதான் பலிபீடம். எந்தப் பக்கமா நுழைஞ்சாலும் கண்ணு தூண்லதான் போய் நிக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இந்த அமைப்புதான்.

சர்ச்சைத் தாங்குற தூண்களோட உச்சிப் பகுதியைக் கிட்டத்துல பாருங்க, செதுக்கின இலையெல்லாம் நேரா நிக்காம காத்துல சாஞ்ச மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சிருக்கும், சுண்ணாம்புக்கல்லுல அப்படி ஒரு அசைவு! மலையடிவாரத்துல யாத்ரீகர்களுக்குச் சத்திரங்கள் வேற இருந்துச்சு.

10ஆம் நூற்றாண்டுல பைசாந்தியர்களே இதைக் கோட்டையாக்கினாங்க, கலாத்னா அரபில கோட்டைதான். 2011ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்துச்சு, 2016ல போர்ல குண்டு விழுந்து தூண்ல மிஞ்சியிருந்த அந்தக் கல்லும் சேதமாச்சு, அந்தப் படங்களைப் பார்த்தப்ப மனசு தாங்கல.