பதக்கம் யாருடையது?

வணக்கம் ஐயா. என் அம்மம்மாவின் மூத்த தமையன் ஜப்பான் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். படம், கடிதம் எல்லாம் 2009 இடப்பெயர்வோடு போய்விட்டன. மிஞ்சியது பெயர் எதுவும் பொறிக்காத ஒரு பதக்கம். ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் சிங்கம். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அப்படியானால் அந்தக் கதை பொய்யா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

அதற்குள் பொய் என்று சொல்லிவிட வேண்டாம். சிங்கத்தின் காலடியில் இரட்டைத் தலை டிராகன் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அது 1939–45 போர்ப் பதக்கம். முதலாம் உலகப் போரின் பதக்கங்களில் விளிம்பிலேயே இலக்கமும் பெயரும் இருக்கும். இரண்டாவதற்குப் பிரித்தானியா பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. (வெள்ளி என்று நினைத்து யாரும் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். செம்பும் நிக்கலும்தான்.)

சிக்கல் என்னவென்றால், எந்த நாட்டில் என்றாலும் 28 நாள் முழுநேரச் சேவை செய்தவருக்கு இந்தப் பதக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் சீருடை போட்டார் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. எங்கே போனார் என்பதைச் சொல்வது ஆறு முனை வெண்கல நட்சத்திரங்கள்: ஆபிரிக்கா நட்சத்திரம், பர்மா நட்சத்திரம் என்று களத்துக்கு ஒன்று. அப்படி ஒன்றைச் சின்ன வயதில் வைத்து விளையாடிய ஞாபகம் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: பட்டாளத்துக்குப் போய் உயிரோடு திரும்பிய வேறு சொந்தக்காரர் யாரும் இருந்தாரா? பதக்கம் அவருடையதாகவும் இருக்கலாம்.

பட்டியலுக்கு வருவோம். 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை சேவையில் இருக்கும்போது இறந்தவர் அதில் சேருவார். குண்டு பட்டுத்தான் சாகவேண்டும் என்றில்லை, மலேரியாவில் செத்தாலும் சரி. ஆனால் எங்கள் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். தகப்பன் பெயர் முன்னே வரும், சிலவேளை அதுவே ஆளின் பெயராகிவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டுப் படைப்பிரிவையும் ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள். இலங்கை இலகு காலாட்படை, இலங்கைக் காவற்பீரங்கிப்படை, இலங்கை முன்னோடிப்படை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில பதிவுகளில் பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். திருகோணமலை நிலாவெளி வீதிப் போர்க் கல்லறைக்குப் போய்க் கல் கல்லாகப் பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தகனம் செய்யப்பட்டவருக்குக் கல்லறை இருக்காது, பெயர் ஏதாவது ஒரு நினைவுச்சுவரில் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்காவிட்டால், அவர் படைவீரர்தானா என்று கேட்க வேண்டிவரும். வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் தளம் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. இப்படியான இடங்களில் கூலிக்கு வேலை செய்தவரையும் 'பட்டாளத்தில் இருந்தவர்' என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். மலாயாவில் இருந்த தமிழர்களோ ஜப்பானியர் போட்ட சீயம்–பர்மா ரயில் பாதை வேலையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தப் பாதை போன தாய்லாந்தின் (பழைய சீயம்) காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கும் கற்கள் போர்க்கைதிகளுடையவை, அந்தத் தொழிலாளர்களுடையவை அல்ல. பட்டியலில் பெயர் இல்லாமல் செத்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, உங்கள் வீட்டுக் கதையை மட்டும் நான் எப்படிச் சந்தேகிப்பது?

பதக்கத்தை இரு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். அவருடைய தகப்பனார் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். காசு வாங்கித் தேடித் தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம்.