பெண்ணுக்குக் கல்யாண வரி கட்டிய குடும்பம் சுதந்திரக் குடியாகுமா?

இங்கிலாந்து, 1292. நார்ஃபோக் பகுதிக் குடியானவர் ஒருவரின் கேள்வியும், அன்றைய சட்டப்படி வழக்கறிஞர் தரும் பதிலும்.

கேள்வி: ஐயா, மடத்துப் பண்ணையில் குடியிருக்கிறோம். அப்பா வழியில் வந்த 15 ஏக்கரும், தாத்தா சாசனம் எழுதி வாங்கிய 4 ஏக்கரும் உழுது வந்தேன். மகள் கல்யாணத்துக்கு, அடிமைக் குடிகள் கட்டும் மெர்ச்செட் வரி 5 ஷில்லிங் கட்டச் சொன்னார்கள். நாங்கள் சுதந்திரக் குடிகள், கட்டமாட்டேன் என்றேன். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல்மஸ் திருநாள் முடிந்ததும் பண்ணைக் காரியக்காரர் ஆள்களோடு வந்து 19 ஏக்கரையும் எடுத்துக்கொண்டார், இரண்டு உழவு மாடுகளையும் ஓட்டிப் போனார். ஊர் நடுவே என்னை அடிமைப் பயல் என்றார். அக்கா கல்யாணத்துக்கு மட்டும் தகராறு வேண்டாமென்று அப்பா அந்த வரியைக் கட்டினார். என் தம்பி இரண்டு வருஷம் ரீவாக, அதாவது பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் ஊர்க் கண்காணியாக இருந்து மடத்துக்கு உழைத்தான், அந்த நன்றிகூட அவர்களுக்கு இல்லை. நாங்கள் நல்ல குடும்பம் என்று பாதிரியாரே சொல்வார். 6 பென்னி கொடுத்தால் அரசர் நீதிமன்ற ரிட், அதாவது வழக்கைத் தொடங்கும் ஆணை, கிடைக்குமாம். போடலாமா?

பதில்: தாத்தாவின் சாசனத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை போடாதீர்கள்.

காரியக்காரர் திட்டியதும், தம்பிக்கு மடம் நன்றி காட்டாததும், பாதிரியாரின் நற்சான்றும் வழக்கில் ஒரு வரிகூட ஏறாது. கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் பிறப்பால் சுதந்திரக் குடியா, மடாதிபதியின் பண்ணையாளா, அதாவது பிரபுவுக்குக் கட்டுண்ட அடிமைக் குடியா? பண்ணையாளுக்குத் தன் பிரபுவுக்கு (உங்களுக்கு மடாதிபதி) எதிராக நிலம் கேட்டு அரசர் நீதிமன்றத்தில் நிற்க வழியில்லை. நிலம் மட்டுமல்ல, மாடும் கலப்பையும்கூடச் சட்டத்தின் கண்ணில் பிரபுவுடையவை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட ரிட் நாவல் டிசீசின், அதாவது அண்மையில் பறிக்கப்பட்ட நிலத்தை மீட்கும் ரிட். காலக்கெடு உங்களுக்குத் தடையில்லை. 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டப்படி, அரசர் மூன்றாம் ஹென்றி முதன்முறை பிரான்ஸின் தென்மேற்கிலுள்ள கேஸ்கனிக்குக் கப்பலேறிய 1242க்குப் பிறகு நடந்த பறிப்பு எதற்கும் இந்த ரிட் செல்லும். 12 ஜூரிகள் நிலத்தைப் பார்வையிட்டுவிட்டு வருவார்கள். மற்ற நில வழக்குகளைவிட வேகமாக முடியும். அந்த வேகத்தை நம்பித்தான் பலர் விழுகிறார்கள்.

விழும் விதம் இது. மடத்தின் வழக்கறிஞர் நிலத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். எழுந்து, "இவர் எங்கள் பண்ணையாள், இவருக்கு நாங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை" என்பார். அத்துடன் உங்கள் 19 ஏக்கர் பின்னால் போய்விடும், விசாரணை உங்கள் பிறப்பின் மேல் திரும்பிவிடும். இந்தக் குடும்பம் பெண்ணுக்கு மெர்ச்செட் கட்டியதா, ரீவாக இருந்ததா, பிரபு நினைத்தபோது நினைத்த அளவு வரி போட்டாரா, நாளைக் காலையில் என்ன வேலை என்பது இன்று இரவு தெரியாமல் உழைத்ததா என்று ஜூரிகளைக் கேட்பார்கள். முதல் இரண்டுக்கும் பதிலை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். தகராறு வேண்டாமென்று அப்பா கட்டிய காசு பண்ணை நீதிமன்றப் பதிவேட்டுச் சுருளில் அவர் பெயரோடு பதிவாகியிருக்கும். ஏன் கட்டினார் என்பது அதில் இருக்காது. தம்பியின் ரீவ் பதவியை நீங்கள் மரியாதையாக நினைக்கிறீர்கள். நீதிமன்றமோ அதைப் பிரபு தன் பண்ணையாள் மேல் சுமத்தும் கட்டாய வேலையாகத்தான் பார்க்கும்.

தோற்றால் பொய் வழக்கென்று உங்களுக்குத் தண்டம். பயந்து பாதியில் கைவிட்டாலும் தண்டம், உங்களுக்குப் பிணை நின்ற இருவருக்கும் சேர்த்து. இதெல்லாம் காசோடு போகிறது. காசோடு போகாத ஆபத்து உங்கள் தம்பி. மடம் துணிந்தால் உங்களைப் பண்ணையாள் என்று உரிமை கேட்டுத் தனி ரிட் போடும். அதில் அக்கம்பக்கத்தார் சாட்சி எடுபடாது. உங்கள் ரத்த உறவுள்ள ஆண்கள் இருவராவது வந்து "நாங்கள் பண்ணையாள்கள்" என்று சொன்னால் மடத்தின் பக்கம் நிரூபணம் ஆகிவிடும். பெண்கள் சொல் இதில் கணக்கில்லை. பண்ணை வீட்டில் குடியிருக்கும் தம்பியை மடம் எவ்வளவு எளிதாக அழைத்துவரும் என்று யோசியுங்கள். அரசர் நீதிமன்றத்தில் ஒருவர் வாயால் ஒப்புக்கொண்டது சுருளில் ஏறிவிட்டால் அவர் பிறகு மாற்றிப் பேச முடியாது, அவர் பிள்ளைகளும் அதோடு போவார்கள். உங்கள் பெரியப்பா, சித்தப்பா மக்களில் யாராவது வேறு ஊரில் சுதந்திரக் குடியாக இருந்தால் அவர்களை இப்போதே தேடுங்கள். எதிர்ப்பக்கம் உறவினரைக் கொண்டுவந்தால் நீங்களும் உறவினரைத்தான் கொண்டுவர வேண்டும்.

இனி அந்தச் சாசனம். 4 ஏக்கரைக் கொடுத்தது யார் என்பதில்தான் உங்கள் வழக்கு தொங்குகிறது. முன்பிருந்த மடாதிபதி, மடத்துத் துறவிகள் சபையின் ஒப்புதலோடு, "இன்னாருக்கும் அவர் வாரிசுகளுக்கும்" என்று முத்திரையிட்டுக் கொடுத்திருந்தால், பண்ணையாளுக்கு எந்தப் பிரபுவும் அப்படி எழுதிக் கொடுப்பதில்லை, கொடுத்ததே உங்கள் குடும்பத்தை விடுவித்ததாகும் என்று வாதாடலாம். அப்படியானால் நம்பிப் போகலாம். சபை முத்திரையில்லாமல் மடாதிபதி தனியாகக் கொடுத்திருந்தால், அவருக்குப் பின் வந்தவர் அதை மறுத்து வழக்காட முடியும். பக்கத்து நிலக்காரர் யாரோ விற்றதென்றால் சாசனம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். பண்ணையாள் வெளியே வாங்கிய நிலத்தைப் பிரபு கைப்பற்றலாம், அவர் ஏற்கெனவே கைப்பற்றியும் விட்டார்.

சாசனம் இரண்டாம், மூன்றாம் வகையென்றால் சமரசம் செய்யுங்கள். கசக்கும், ஆனாலும் செய்யுங்கள். சுதந்திரக் குடி ஒருவர் பண்ணையாள் நிலத்தை அதற்குரிய சேவைகளோடு வைத்திருக்கலாம், நிலம் அவர் ரத்தத்தை மாற்றாது என்பது 1219இல் பெஸ்டனோவர் மார்ட்டின் வழக்கிலேயே தெளிவானது. அதனால் 15 ஏக்கரை, "பண்ணை வழக்கப்படி, இன்னின்ன சேவைக்கு" என்று நுழைவுக் கட்டணம் கொடுத்துத் திரும்பப் பெறுங்கள். மெர்ச்செட்டையும் நிலத்தின் சேவைகளில் ஒன்றாக மட்டுமே எழுதவையுங்கள். எழுத்தர் எழுதும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். உங்கள் பெயரையொட்டி "நாட்டிவஸ்", அதாவது பிறவிப் பண்ணையாள் என்ற சொல் விழுந்தால் அங்கேயே மறுத்து அடிக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் இதைக் கவனிக்காமல் நிலத்தை மீட்டுப் பிறப்பை இழந்தவர்கள் உண்டு.

விடுதலைச் சாசனமே வாங்கலாமா என்று தோன்றும். மடங்கள் அதற்கு எளிதில் இறங்குவதில்லை. இறங்கினால் மூன்றைப் பாருங்கள். பணம் உங்கள் கையிலிருந்து போகக்கூடாது. பண்ணையாள் பணமே பிரபுவின் பணம் என்று தள்ளிவிடுவார்கள், சுதந்திரக் குடியான ஒருவர் தன் பெயரில் செலுத்தட்டும். சபை முத்திரை இருக்கவேண்டும். உங்கள் பெயரோடு "பிறந்த, பிறக்கப்போகிற சந்ததி அனைத்தும், உடைமைகளும்" என்ற சொற்கள் இருக்கவேண்டும். இல்லையென்றால் நீங்கள் வெளியே வருவீர்கள், மகன் உள்ளே இருப்பான்.

மகனை நகரத்துக்கு அனுப்பி ஒரு வருஷமும் ஒரு நாளும் இருக்கவைக்கும் யோசனை வந்தால், வெறுமனே தங்குவது போதாது. உரிமைச் சாசனம் பெற்ற நகரில் குடியாக ஏற்கப்பட்டு, நகர வரியும் கட்டவேண்டும். அப்படிச் செய்தாலும் உங்கள் ஒரு ஏக்கர்கூடத் திரும்பாது.

மாடுகளை இரவில் போய் ஓட்டி வராதீர்கள். அடுத்த பண்ணை நீதிமன்றம் கூடும் முன் தம்பியிடம் பேசிவிடுங்கள். அந்த நீதிமன்றத்தை நடத்தும் மேலாளர் எழுந்து "நீ மடாதிபதியின் ஆள்தானே?" என்று கேட்டால் நீங்கள் இருவரும் ஆம் என்றும் சொல்லாமல், கோபத்தில் எதுவும் பேசாமல், பதில் சொல்ல அடுத்த கூட்டம்வரை தவணை கேளுங்கள்.