கல்லோயாக் காட்டில் கழுகு மானைப் பிடிக்குமா?

இலங்கையின் அம்பாறைப் பக்கம், கல்லோயாக் காட்டில், கழுகு மானைத் தூக்கிப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். வளர்ந்த புள்ளிமான், மரை என்றால் வாய்ப்பே இல்லை. கல்லோயாவில் இருக்கும் குடுமிக் கழுகு இரண்டு கிலோகூடத் தேறாது. முயல், காட்டுக்கோழி, ஓணான், கிடைத்தால் சருகுமான் குட்டி, அவ்வளவுதான். அங்குள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் மேல் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்குப் பெரும்பாலும் மீன்தான் சாப்பாடு. இங்கே மானுக்கு எமன் சிறுத்தை.

வடதேசங்களில் வாழும் பொன்னிறக் கழுகு வேறு ரகம். 2011இல் ரஷ்யாவின் தூரகிழக்குக் காட்டில், புலிக்காக வைத்த கமெராவில் அது இளம் சிகா மான் ஒன்றைத் தாக்குவது பதிவானது. இரண்டே வினாடி, மூன்று படம். மானின் முதுகில் கழுகு நகத்தை ஊன்றி நிற்கிறது. பிறகு அங்கே செத்துக் கிடந்த மானின் உடலைச் சுற்றிப் பனியில் வேறு வேட்டை விலங்கின் தடமே இல்லையாம். அதுவும் தூக்கிப் பறக்கவில்லை. கொன்ற இடத்திலேயே தின்பதுதான் வழக்கம்.